கவுன்சிலிங், ஆலோசனை, உளவளத்துணை

இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைத் தேயிலைத் தோட்டங்களில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அது நல்ல பெயரோடு வந்து சேரவில்லை. “அவனைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பியிருக்காங்களாம்” என்றால் கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் குடி ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு அங்கொடை மனநல மருத்துவமனை ஞாபகம் வரும். புற்றுநோய் வந்தவருக்கும், வாரம் தவறாமல் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இது எதற்கு என்று கேட்டால் பதில் வராது. குறை சனத்திடம் இல்லை. சொல்லைத் தமிழாக்கித் தந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துவிட்டார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘கொன்சிலியும்’ என்றால் கூடிப் பேசி முடிவெடுப்பது, அதிலிருந்து அறிவுரை. நீதிமன்றத்தில் சட்டத்தரணியைக் ‘கவுன்சல்’ என்பது இந்த வழியில் வந்ததுதான். பிரதேச சபையைக் ‘கவுன்சில்’ என்கிறோமே, அது அருகில் நிற்கும் இன்னொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உச்சரிப்பு ஒத்துப்போவதால் ஆங்கிலேயரே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுண்டு. 1940களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதே சொல்லை எடுத்து, அதன் பழைய பொருளுக்கு ஏறக்குறைய எதிரான ஒன்றுக்கு வைத்தார். வந்தவருக்கு வழி சொல்லாதே, அவர் பேச இடம் கொடு என்பதே அவர் முறை. இன்றைய தொழில்முறைக் கவுன்சிலிங் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் நடக்கிறது.

இதைக் கவனிக்காமல் அகராதியைப் புரட்டினால் ‘ஆலோசனை’தான் கிடைக்கும். சிங்களத்தில் இதற்கு ‘உபதேசன’ என்கிறார்கள். நம் காதில் அது ‘உபதேசம்’ என்று விழும். கோயில் பிரசங்கம் மாதிரி. தமிழாக்குகிறவரும் ‘ஆலோசனை’ என்று போட்டுவிடுவார்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று காலமெல்லாம் மென்ற ஓர் அம்மாயிக்கு வாயில் புற்று என்று தெரிந்திருக்கிறது என்று வையுங்கள். (இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுவதால் அவர்களும் தப்புவதில்லை.) கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “நான் செத்துப் போயிடுவேனா புள்ள?” என்று கேட்கிறார். ஆலோசனை சொல்ல வந்தவர், “அப்படியெல்லாம் பேசக் கூடாது அம்மாயி, மருந்தை ஒழுங்கா எடுங்க” என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கவுன்சிலிங் படித்தவர் கொஞ்சம் பொறுத்து, “அந்த நினைப்பு எப்ப வருது அம்மாயி?” என்று கேட்பார். இராத்திரியில் வருகிறது, பேத்தியை யார் பார்ப்பது என்று வருகிறது என்று அப்புறம்தான் உள்ளதெல்லாம் வெளியே வரும்.

‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லும் நம் நாட்டில் புழங்குகிறது. அழகான சொல். ‘ஆறு’ என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உண்டு. அவற்றில் மலைபடுகடாம் மலைநாட்டுக்காரருக்கு நெருக்கமானது. நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு, எங்கே பன்றிப் பொறி இருக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும், எங்கே பாம்பு கிடக்கும் என்று மலைப்பாதையை எச்சரித்துச் சொல்கிறது அது. இன்று கேட்பவர்கள் பலர், துயரை ஆற்றுதல், காயம் ஆறுதல் என்ற பொருளில்தான் இதை எடுத்துக்கொள்கிறார்கள். பிழையென்றாலும் பொருத்தமான பிழை. எனக்கு உறுத்துவது வேறு. ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அந்த வழியே போய்ப் பரிசில் வாங்கித் திரும்பியவன். இருபத்திரண்டு வயதுப் பயிலுநர் ஒருவர் அம்மாயிக்கு எந்த வழியைக் காட்டுவார்? வடக்கில் ‘சீர்மியம்’ என்றும் ஒரு சொல் உண்டு. மலையகத்தில் அது வேர் பிடிக்கவில்லை.

மிஞ்சுவது ‘உளவளத்துணை’. உளம், வளம், துணை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்பதால் இது அரச தமிழ் என்று பலர் ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சரியான சொல், காரணம் கடைசித் துண்டு. கண்டிக்கோ மஹரகம புற்றுநோய் மருத்துவமனைக்கோ கிளினிக் போகத் துணைக்கு ஆள் இல்லை என்பது தோட்டத்தில் அன்றாடப் பேச்சு. துணைக்குப் போகிறவருக்கும் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை, ஆனாலும் போவார்கள். துணைக்குப் போகிறவரிடம் யாரும் அறிவுரை எதிர்பார்ப்பதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். இந்தச் சேவையை நாடி வருபவரைத் ‘துணைநாடி’ என்பதும் இதே வேரில் இயல்பாகக் கிளைக்கிறது.

பயிற்சியோடு வரும் சொற்களிலும் இடறல் உண்டு. கவுன்சிலிங் படிப்பவர்கள் வகுப்போடு நிற்க முடியாது. நேரடியாக ஆட்களோடு பேசிப் பழக வேண்டும். பிரித்தானியாவில் இத்துறையின் தொழில்சார் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிநெறிகள் குறைந்தது 100 மணித்தியாலம் கேட்கின்றன. அதைப் பலர் புற்றுநோய்த் தொண்டு அமைப்புகளிலும், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களான ஹொஸ்பிஸ்களிலும் சம்பளமில்லாமல் முடிக்கிறார்கள். இதைத் ‘தொண்டர் சேவை’ என்று இங்கே எழுதினால், தொண்டர் ஆசிரியர்களைப் போல நிரந்தர நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று ஆகிவிடும். ‘தன்னார்வக் களப்பயிற்சி’ குழப்பமில்லாதது.

‘மேற்பார்வை’ இன்னும் சிக்கல். பயிலுநர் தான் கேட்டதையும், அது தனக்குள் செய்ததையும் அனுபவசாலி ஒருவரிடம் கொண்டுபோய்ப் பேசுவதுதான் இந்தத் துறையில் மேற்பார்வை. மரணத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் கங்காணிதான் கண்முன் நிற்பார். ‘வழித்துணைச் சந்திப்பு’ என்று யாராவது எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

‘இரகசியம் பேணல்’ என்பதற்கு விளக்கமே தேவையில்லை. ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதற்கு எங்கே உட்காருவது என்பதுதான் கேள்வி.

எழுதும்போது ஒரு சிறு கவனம்: ‘உளவளதுணை’ அல்ல, நடுவில் ‘த்’ வரும். செய்பவர் உளவளத்துணையாளர்; படித்துக்கொண்டிருப்பவர் உளவளத்துணைப் பயிலுநர். ‘பயிலுநர்’ என்ற சொல்லைச் சட்டையில் குத்தும் பெயர் அட்டையில் சேர்த்தே எழுத வேண்டும். தன்னோடு பேச வந்திருப்பவர் இன்னும் படிக்கிறவர் என்பது கட்டிலில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் இருக்க வேண்டும்.