'ஆய்வக இறைச்சி' அன்று, 'செல்வளர்ப்பு இறைச்சி'

"ஆய்வக இறைச்சியை வணிக அளவில் உற்பத்தி செய்வதிலுள்ள சவால்கள்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. இதே தலைப்பைச் சிறு சிறு மாற்றங்களோடு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் இம்முறை 'ஆய்வக' என்ற சொல்லைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. அந்தத் தொழிலின் இடர் முழுவதும் ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதில்தான் இருக்கிறது. சொல்லோ அதை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறது.

விலங்கிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உப்புகளும், செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் கலந்த ஊட்ட நீர்மத்தில் பெருக்கி, தசையாகவும் கொழுப்பாகவும் முதிரச் செய்து பெறுவதே இந்த இறைச்சி. ஆங்கிலத்தில் முன்பு 'கல்ச்சர்டு மீட்' என்றார்கள். இப்போது 'கல்டிவேட்டட் மீட்' என்பதே பெருவழக்கு. இரு அடைமொழிகளும் உழுது பயிரிடுதலைக் குறிக்கும் 'கொலெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை. வேர் அவ்வளவே.

அந்த வேரை அப்படியே தமிழில் நட முயன்றவர்கள் 'பண்படுத்திய இறைச்சி' என்றார்கள். பண்படுத்துதல் நிலத்துக்கும் மனத்துக்கும் பொருந்தும் நல்ல சொல்தான். ஆனால் முன்பே உள்ள ஒன்றைத்தான் பண்படுத்த முடியும். இங்கே கையில் இருப்பவை செல்கள், இறைச்சி இனிமேல்தான் உருவாக வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் 'கலாச்சார இறைச்சி' வருகிறது. என்னிடம் வந்த கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே "கலாச்சார ஊடகத்தில் செல்கள் வளர்க்கப்படுகின்றன" என்றிருந்தது. 'டிஷ்யூ கல்ச்சர்' என்பதற்குத் 'திசு வளர்ப்பு' பள்ளிப் பாடநூல்களில் நிலைபெற்றிருக்கும்போது இப்படி எழுதுவது அறியாமையன்று, அக்கறையின்மை. 'செயற்கை இறைச்சி'யும் பிழையே. செல் விலங்கினுடையது, பிரிந்து பெருகுவது அதன் இயல்பு. செயற்கையாக இருப்பது அது வளரும் இடம் மட்டும்.

ஆயினும் என் முதன்மையான வழக்கு 'ஆய்வக இறைச்சி'யோடுதான். 2013 ஆகஸ்டில் லண்டனில் நெதர்லாந்து அறிவியலாளர் மார்க் போஸ்ட் சமைக்கக் கொடுத்த ஒரே ஒரு பர்கர் வில்லைக்கு அந்தப் பெயர் தகும். சுமார் 20,000 நுண்ணிய தசையிழைகளைத் தனித்தனியே வளர்த்துச் சேர்த்தது அது. ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ. ஆனால் 2020 டிசம்பரில் சிங்கப்பூரும் 2023 ஜூனில் அமெரிக்காவும் விற்பனைக்கு ஒப்புதல் அளித்த பிறகும் அதே பெயரைத் தொடர்வது எப்படிச் சரியாகும்? குடுவையில் எளிதாக நடப்பது, ஆலையில் செல்களை வளர்க்கும் பெரிய வினைகலனில் நடப்பதில்லை. கலன் பெரிதாகப் பெரிதாக எல்லாச் செல்களுக்கும் ஆக்சிஜன் சேர்ப்பது கடினமாகிறது. அதற்காக வேகமாகக் கலக்கினால், செல்சுவர் இல்லாத விலங்குச் செல்கள் சிதைகின்றன. செல்கள் வெளிவிடும் அம்மோனியாவும் லாக்டிக் அமிலமும் தேங்கி அவற்றின் வளர்ச்சியையே தடுக்கின்றன. விலங்குச் செல் ஒன்று இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பாக்டீரியாவுக்கோ சாதகமான சூழலில் 20 நிமிடம் போதும். உள்ளே நுழைந்த ஒன்றிரண்டு கிருமிகள் ஆயிரக்கணக்கான லிட்டரைக் கெடுத்துவிடும். தடித்த துண்டாக வளர்ப்பது இன்னும் கடினம். இரத்தக் குழாய் இல்லாத திசுவில் ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேல் ஆக்சிஜன் போதிய அளவு ஊடுருவுவதில்லை. செல்கள் வளர ஊட்ட நீர்மத்தில் சேர்க்கும், கருக்கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்தைக் கைவிட்டாலும், அதற்கு ஈடாகச் சேர்க்கும் வளர்ச்சிக் காரணிகளின் விலை கையைக் கடிக்கிறது. இவையெல்லாம் ஆலையின் சிக்கல்கள். 'ஆய்வக' என்று தொடங்கும் கட்டுரையைப் படிப்பவருக்கு வெள்ளை அங்கியும் சோதனைக் குழாயும்தான் கண்முன் நிற்கும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் எஃகுக் கலன் நிற்காது.

'வளர்ப்பு இறைச்சி' என்று சுருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 'வளர்ப்பு மீன்' என்றால் குளத்தில் வளர்த்த மீன் என்றுதான் பொருள்படும்; அதே வழியில் 'வளர்ப்பு இறைச்சி' பண்ணை விலங்கின் இறைச்சியாகிவிடும். எதற்கு மாற்றாக வந்ததோ அதன் பெயரையே இதற்குச் சூட்டலாகாது. ஆகவே எது வளர்க்கப்படுகிறது என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும்: செல்வளர்ப்பு இறைச்சி.

'செல்' தமிழன்று என்ற தடை எழும் என்பதை அறிவேன். தூய தமிழில் எனக்கும் பற்றுண்டு; 'உயிரணு' எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் மகப்பேறின்மை பற்றிய விளம்பரங்கள் அதை விந்தணுவுக்கே உரியதாக்கிவிட்டன. 'உயிரணு வளர்ப்பு இறைச்சி' என்பதைப் படிப்பவர் ஒரு கணமேனும் முகம் சுளிப்பார். இலங்கை வழக்கிலுள்ள 'கலம்' செறிவானது. ஆனால் 'கலனில் கலம் வளர்கிறது' என்று எழுதினால் அங்குள்ள வழக்கை அறியாதவர் தடுமாறுவார். தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய இந்த இடத்தில் நான் தெளிவின் பக்கம்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதுதான் என் மனக்குறை. 'ஸ்கேலிங்' என்பதை 'அளவிடுதல்' என்று எழுதுகிறார்கள். அளவிடுதல் அளந்து பார்ப்பதல்லவா? இங்கே வேண்டிய சொல் 'பேரளவாக்கம்'. அந்தக் கட்டுரையின் தலைப்பை 'செல்வளர்ப்பு இறைச்சியின் பேரளவாக்கத்திலுள்ள இடர்கள்' என்று மாற்றி, 'கலாச்சார ஊடகம்' வந்த இடமெல்லாம் 'வளர்ப்பு ஊடகம்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்.