குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பு: சட்டம் கேட்பது எண்ணிக்கையை மட்டுமல்ல

சேலத்தில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், கோழிக்கு மருந்து கேட்டு வருபவர்களில் பலர், பக்கத்து வீட்டாருடன் ஏற்பட்ட மனக்கசப்பையும் சேர்த்தே சொல்கிறார்கள். "வீட்டில் எத்தனை கோழி வரைக்கும் வளர்க்கலாம், டாக்டர்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. மதில் சுவரைத் தாண்டிச் செல்லும் சத்தம், நாற்றம், நோய் ஆகிய மூன்றைப் பற்றித்தான் அவர்கள் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நகர்ப்புறங்களில் விலங்குகளும் பறவைகளும் வளர்க்கப்படுவதை ஒழுங்குபடுத்துவதற்கென்றே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே மாநகராட்சி எல்லைக்குள் கூண்டு அமைக்க விரும்புவோர், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களில் தங்கள் பகுதிக்கு உரியதில், உரிமம் பெற வேண்டுமா என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வது நல்லது. ஏற்காடு மலையில் இருப்பவர்கள் தங்கள் ஊராட்சி அலுவலகத்தை அணுக வேண்டும். 5,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை என்ற விதியைக் கேள்விப்பட்டு, "அதற்குக் குறைவாக இருந்தால் எந்தத் தடையும் இல்லை" என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது வணிகப் பண்ணைகளுக்கான விதி; தெருவுக்குள் பத்துக் கோழி வளர்ப்பவருக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தராது.

நடைமுறையில் புகார்கள் பெரும்பாலும் பொதுத்தொல்லை என்ற பெயரிலேயே எழுகின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு) வருவாய்க் கோட்டாட்சியர், தொல்லையை நீக்குமாறு நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். ஆணை பெற்றவர் நேரில் வந்து தம் தரப்பைச் சொல்லவும் அதே சட்டம் இடமளிக்கிறது. நகரம், மலை என்ற வேறுபாடு இதில் இல்லை.

சேவலைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: நெருக்கமான தெருவில் அதை வைத்திருக்க வேண்டாம். முட்டையிடுவதற்குப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வைப்பதற்கு மட்டுமே தேவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு குறிக்கின்றன. அவை ஒலிபெருக்கிகளையும் இயந்திரங்களையும் முதன்மையாகக் கருதி எழுதப்பட்டவை என்றாலும், ஒரு குடியிருப்பு எவ்வளவு அமைதியை எதிர்பார்க்கலாம் என்பதற்கு நல்ல அளவுகோலாக உள்ளன. விடியற்காலை நான்கு மணிக்குக் கூவும் சேவல் அந்த வரம்புக்குள் நிற்காது.

எச்சம்தான் உண்மையான சிக்கல். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். அது ஈரமாகக் கிடந்தால் அமோனியா நெடி எழும். வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முழு ஈயாகிவிடுவதால், வாரம் இருமுறை எச்சத்தை அகற்றி மூடிய தொட்டியில் மக்க வைப்பவரின் வீட்டில் ஈக்கள் பெருக வாய்ப்புக் குறைவு. சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை போன்ற பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், பின்வாசல் கூண்டின் நெடி நேராக அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறது. ஏற்காட்டில் வேறு விதமான தொல்லை: மூடுபனியும் மழையும் கூண்டுத் தரையில் பரப்பும் கூளத்தை உலரவிடாததால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வருகிறது. நெல் உமியையோ மரத்தூளையோ தடிமனாகப் பரப்பி, அன்றாடம் கிளறி, ஈரமான பகுதியை உடனே மாற்றினால் இரண்டு இடத்திலும் பெரும்பாலான புகார்கள் எழாமலே போகும். தீவனத்தை மூடி வைக்காவிட்டால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

இதற்கிடையே கோபத்தில் விஷம் வைக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலங்கைக் கொல்வதோ விஷமிடுவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அச்சட்டத்தில் விலங்கு என்பது மனிதரல்லாத எல்லா உயிரையும் குறிப்பதால் கோழியும் அதில் அடங்கும்.

நோயைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு, ஏனெனில் கோழிப் பண்ணைகள் செறிந்த நாமக்கல் நமக்கு அடுத்தே இருக்கிறது. பறவைக் காய்ச்சல் உறுதியானால், சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீட்டுக் கோழிகளும் அழிக்கப்படும். கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்க, முதல் வாரத்திலேயே குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் தடுப்பூசியும் கொடுக்க வேண்டும்; கால்நடை பராமரிப்புத் துறையின் கோழிக்கழிச்சல் இருவார முகாம்களில் தடுப்பூசி போடப்படுகிறது. ஒரே நாளில் பல கோழிகள் மடிந்தால் மறைக்காமல் தெரிவிப்பது 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி வளர்ப்பவரின் கடமை. அந்தச் சடலங்களைத் திருமணிமுத்தாற்றிலோ குப்பைத் தொட்டியிலோ வீசாமல், கையுறை அணிந்து தனியே ஒதுக்கி மூடி வைத்துவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவர் வந்து பரிசோதனைக்கு மாதிரி எடுத்த பிறகே சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கலாம்.