குட்டி கண்ணு நீலமா இருக்கா பாருங்க
குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, விறகுக்குப் பின்னாடி பூனை ரெண்டு குட்டி போட்டிருக்கு, இப்பதான் தல காட்டுது, கிட்ட போனா சீறுது, வெளிநாட்டுல பூனைக்குட்டிக்கு கிளாஸ் எடுக்கறாங்களாமே, நெசமான்னு.

நெசந்தான். ஆஸ்திரேலியால கெர்ஸ்டி செக்ஸல்னு ஒரு கால்நடை டாக்டர் ஆரம்பிச்சது, பேரு கிட்டன் கிண்டி, அதாவது பூனைக்குட்டிங்களுக்கான பாலர் பள்ளி. ரெண்டு மாசம் தாண்டின குட்டிங்களுக்கு கூடைக்குள்ள போக, நகம் வெட்ட கால் குடுக்க, புது ஆளப் பாத்து மிரளாம இருக்க பழக்குவாங்க. ஆனா பெரிய பாடம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்! 2வது வாரத்துல இருந்து 7வது வாரம் வரைக்கும் மனுசக் கை பட்டு வளந்த குட்டிதான் நல்லா ஒட்டும். தினம் 15 நிமிஷம் தூக்கினத விட 40 நிமிஷம் தூக்கினது இன்னும் ஒட்டுதுன்னு அமெரிக்கால ஐலீன் கார்ஷ்னு ஒரு ஆராய்ச்சியாளர் பாத்திருக்காங்க.

அதென்ன வாரக்கணக்கு? இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம். 1960கள்ல ஹியூபல், வீசல்னு ரெண்டு விஞ்ஞானிங்க பூனைக்குட்டியோட ஒரு கண்ண மட்டும் தச்சு மூடி வச்சு (கொடுமைதான், எனக்கும் மனசு ஒப்பல) அப்புறமா திறந்து பாத்தாங்க. கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, ஆனா அதுல பார்வையே இல்ல! மேட்டுப்பாளையம் பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கற மாதிரி, மூளைல அந்தக் கண்ணோட இடத்துலயும் இன்னொரு கண்ணு உக்காந்துருச்சு. வளந்த பூனைக்கு இதே செஞ்சா ஒண்ணும் ஆகல, அதுக்குள்ள பஸ் கிளம்பிருச்சுல்ல. 1981ல நோபல் குடுத்தாங்க. குழந்தைங்களோட சோம்பல் கண்ண (ஒரு கண்ணுல பார்வை சரியா வளராம போறது) சின்ன வயசுலயே சரி பண்ணணும்னு அடிச்சு சொல்றதுக்கு இந்த வேலைதான் பலம். பூனைக்கண்ண ஆராய்ஞ்சு என்ன பிரயோஜனம்னு கேட்டு காச நிறுத்தியிருந்தா?

பயமும் அச்சு அசல் இப்படியேன்னு சொல்ல மாட்டேன், சாயல் இதுதான். ஆறு வாரம் போல பயம் தல தூக்கும், அதுக்குள்ள மனுசன் பழகின வாசனையா ஆயிருக்கணும். குறுக்க போச்சு, சகுனம் கெட்டுச்சுன்னு கல்லு விட்டெறியறவங்களும் அந்த வாரங்கள்ல பாடந்தான் நடத்தறாங்க.

அக்கா, தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க, தாய் பழகட்டும், அப்புறம் கொஞ்ச கொஞ்சமா குட்டியத் தூக்குங்க, வேற வேற ஆளும் தூக்கட்டும். கடிச்சா பிறாண்டினா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிட்டு ரேபிஸ் (வெறிநோய்) ஊசிக்குப் போங்க, 1907ல இருந்து பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட் இருக்கற ஊருக்கு நான் சொல்லணுமா. குட்டி கண்ணு இன்னும் நல்ல நீலமா இருந்தா நேரம் இருக்கு, ஏழு வாரம் போல அந்த நிறம் மாற ஆரம்பிச்சிரும். மாறிட்டாலும் பழக்கலாம், என்ன, நெத்திலி கொஞ்சம் கூடுதலா செலவாகும்.