அமைச்சர் நழுவ முடியாத கேள்வி

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் இல்லை. எம்.பி.யைப் பார்லிமெண்ட்ல கேட்கச் சொல்லுங்க."

மக்கள் பிரதிநிதிகளுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கோரிக்கை எனக்கு அடிக்கடி வரும். ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் இதை இப்படியே டெல்லிக்கு அனுப்பினால் என்ன பதில் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகள் மாநில அரசுகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆசிரியர் நியமனம் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. அவ்வளவுதான், கேள்வி முடிந்தது.

இந்தப் பதிலில் பொய் எதுவும் கிடையாது. கல்வியை மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது 1976ஆம் ஆண்டின் 42வது அரசியல் சட்டத் திருத்தம். அதிகாரம் செலுத்தும்போது பொதுப் பட்டியலைக் காட்டலாம், பொறுப்பேற்கும்போது மாநிலத்தைக் காட்டலாம். மத்திய அரசுக்கு இது வசதியான ஏற்பாடு. அதனால் கேள்வி எழுத உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது, இதற்கு யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைத்தான். உள்ளூர் அரசுப் பள்ளி ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், டவுன் பஸ், குடிநீர் எல்லாம் எம்.எல்.ஏ. வழியாகச் சட்டப்பேரவைக்குப் போக வேண்டியவை. கேந்திரிய வித்யாலயா காலியிடங்கள், ரயில், தபால், மத்திய அரசு விடுவிக்க வேண்டிய நிதி போன்றவை எம்.பி.க்கு. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் 'சமக்ர சிக்ஷா' திட்ட நிதியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு ஒப்புதல் ஆனது, எவ்வளவு, எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது என்று டெல்லியில் கேட்டால் பட்டியலைக் காட்டித் தப்ப வழியில்லை. அட்டவணை போட்டுத்தான் ஆக வேண்டும். அட்டவணையில் ஒரு மாநிலத்துக்கு நேராகப் பூஜ்யம் இருந்தால், அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

நடைமுறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படும்; மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கேள்வி பொதுவாக 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, அபிப்பிராயம் கேட்பது எதுவும் இருக்கக் கூடாது. மக்கள் கொடுக்கும் மனுக்களில் முக்கால்வாசி இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுவிடும். "மாணவர்களின் எதிர்காலத்தைப் பாழாக்கும் இந்த அலட்சியப் போக்கை..." என்று தொடங்கும் கேள்வி அவைச் செயலகத்தைத் தாண்டாது.

நட்சத்திரம் கிடைத்தால்தான் கௌரவம் என்று புது உறுப்பினர்கள் நினைப்பார்கள். தொலைக்காட்சியில் முகம் தெரியும், அது உண்மைதான். ஆனால் கேள்வி நேரம் என்ற ஒரு மணி நேரத்துக்குள் 20 கேள்விகளையும் முடிப்பது நடக்கிற காரியமில்லை. முதல் சில கேள்விகளோடு நேரம் போய்விடும், மீதிக்கு எழுத்துப் பதில்தான். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் நட்சத்திரமில்லாத கேள்வியே போதும், பல சமயம் அதுதான் மேல். கொள்கையில் ஓட்டை இருக்கிறது, அமைச்சரை நிற்க வைத்து, அவர் சொன்ன பதிலின் மேல் துணைக் கேள்வி கேட்க வேண்டும் என்றால் மட்டும் நட்சத்திரத்துக்கு முயலலாம்.

துணைக் கேள்வி ஒன்றும் சும்மா கிடைத்துவிடவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் அன்றைய சட்ட சபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை தந்தது. ஆனால் வந்த பதிலின் மேல் மறுபடி ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதற்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது கேள்விக்கு இருக்கும் பலம் தெரிய முந்த்ரா விவகாரத்தைப் பார்த்தால் போதும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களுக்குப் போனது பற்றி 1957 செப்டம்பரில் மக்களவையில் கேள்வி எழுந்தது. டிசம்பரில் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி அதை விடாமல் பிடித்துக்கொண்டார். சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முதல் பதிலோடு எல்லோரும் திருப்திப்பட்டிருந்தால் அது ஒரு காகிதத்தோடு முடிந்திருக்கும்.

சரி, பதில்கள் எப்படி நழுவுகின்றன? சில ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு உதாரணங்கள். 2020 செப்டம்பர் 14, கொரோனா காலக் கூட்டத்தொடரின் முதல் நாள். அந்தத் தொடரில் கேள்வி நேரமே ரத்து, எழுத்துப் பதில்கள் மட்டும். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்ற அடுத்த பகுதிக்கு, மேற்கண்ட பதிலைக் கருத்தில் கொண்டால் அந்தக் கேள்வியே எழவில்லை என்றது. முதல் பகுதியில் 'தரவு இல்லை' என்று சொல்லிவிட்டால், அதன் தோளில் ஏறி நிற்கும் மற்ற பகுதிகள் எல்லாம் தானாகவே விழுந்துவிடும். அதனால்தான் கேள்வியின் (அ), (ஆ), (இ) பகுதிகளை ஒன்றையொன்று சாராமல் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். "அப்படியானால் அதன் விவரம் என்ன?" என்ற தொடரை முடிந்தவரை வெட்டிவிடுவேன்.

இரண்டாவது, 2021 ஜூலை 20, மாநிலங்களவை. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் பற்றிய கேள்வி. ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏற்பட்ட மரணம் என்று எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை பதில் தந்தது. கூடவே, சுகாதாரம் மாநில அரசின் பொருள் என்ற வரியும் இருந்தது. நாடே கொதித்தது. தொழில் கண்ணோடு படித்தால், 'யாரும் இறக்கவில்லை' என்று அந்தப் பதில் சொல்லவேயில்லை என்பது தெரியும். மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. அப்படியானால் கேட்டிருக்க வேண்டியது வேறு: மாநிலங்களிடமிருந்து மரண விவரம் வாங்கும் படிவத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று ஒரு காரணம் இருந்ததா? இல்லையென்றால் அந்த விவரத்தைக் கேட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதப்பட்டதா, எந்தத் தேதியில்? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை, தேதி என்ற மூன்றில் ஒன்றுதான் பதிலாக முடியும்.

சென்னைக்கு வருவோம். பேரவைக் கேள்விகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வரும்: "இன்ன தொகுதி, இன்ன ஊராட்சி உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா?" தூரம், மாணவர் எண்ணிக்கை போன்ற விதிகளுக்கு உட்படவில்லை என்றோ, நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்றோ பதில் வரும். ஊர்க்காரர்களுக்கு எம்.எல்.ஏ. கேட்டார் என்ற திருப்தி, எம்.எல்.ஏ.வுக்குக் கேட்டேன் என்று காட்ட ஒரு ஆதாரம். தொகுதியின் தேவையை அவையில் சொல்வது தவறே இல்லை. ஆனால் இதையே, அந்த ஒன்றியத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பதினொன்றாம் வகுப்புக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறார்கள், கடந்த மூன்று கல்வியாண்டுகளில் எத்தனை பேர் எங்குமே சேரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். துறை போய்க் கணக்கெடுக்க வேண்டியிருக்கும். கணக்கு வந்துவிட்டால் பள்ளி கேட்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

ஆசிரியர் காலியிடம் இதைவிட நுணுக்கமானது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35க்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் சொல்கிறது. மாநில சராசரியைக் கேட்டால் பெரும்பாலும் அழகான எண்தான் வரும், ஏனென்றால் பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் கூட்டத்தில் திணறும் பள்ளியும் சராசரியில் ஒன்றையொன்று மறைத்துவிடும். அந்தச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் அந்த விகிதம் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே, விகிதம் இல்லாத பள்ளிகள் எத்தனை என்றுதான் கேட்க வேண்டும். அப்புறம், 'நிரப்பப்பட்ட பணியிடம்' என்றால் யார் யார் அதில் சேர்த்தி? 2022ல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் மாதம் 7,500, 10,000, 12,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் இடம் காலியா, நிரப்பியதா? மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போனவர் பெயர் எந்தப் பள்ளிக் கணக்கில் இருக்கிறது? அதனால் நான் எழுதும் கேள்வியில் நான்கு கட்டம் இருக்கும்: ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், நிரந்தர ஆசிரியர், தற்காலிக ஆசிரியர், மாற்றுப்பணியில் சென்றவர். மாவட்டவாரியாக, பாடவாரியாக, ஒரு குறிப்பிட்ட தேதியில் உள்ளபடி. தேதி போடாவிட்டால் தங்களுக்கு வசதியான தேதியின் கணக்கைத் தருவார்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் இதே நான்கு கட்டம் பொருந்தும். பஸ்ஸுக்கு, அனுமதித்த நடைகள் எத்தனை, கடந்த மாதம் ஓடிய நடைகள் எத்தனை என்ற இரண்டே போதும்.

இன்னொரு விஷயம் வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று ஓர் அமைச்சர் சொன்னால் அது அவைக்குத் தந்த உறுதிமொழியாகக் கணக்கில் வரும். அதைத் தொடர்ந்து கண்காணிக்க மக்களவையில் 1953லிருந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, தமிழ்நாடு பேரவையிலும் இப்படி ஒரு குழு உண்டு. நாடாளுமன்றத்தில் உறுதிமொழியை நிறைவேற்ற மூன்று மாதம் அவகாசம். துறைகள் நீட்டிப்பு கேட்டுக்கொண்டே போவார்கள், சிலவற்றைக் கைவிடச் சொல்லியும் கேட்பார்கள். ஆனாலும் குழு ஒப்புக்கொள்ளாமல் அந்தக் கோப்பு மூடப்படாது. ஆகவே மழுப்பலான பதில் வந்தால் சோர்ந்துபோகாமல், அதில் இந்தச் சொற்றொடர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் உறுப்பினர் வழியாகக் குழுவுக்கு நினைவூட்டலாம்.

உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் உருக்கமாகப் பேசிய வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. நானும் ரசிக்கிறேன். ஆனால் அதற்கு அரசு பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கேள்விக்கான பதில் அவை ஆவணம். அதில் தவறான தகவல் இருந்தால் அமைச்சர் அவையிலேயே திருத்தியாக வேண்டும், தெரிந்தே திசைதிருப்பினால் உரிமை மீறல் பிரச்சினை வரும். பதிலை வரைவு செய்யும் பிரிவு அலுவலர் ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது இந்தப் பயத்தில்தான்.

உங்கள் ஊர்ப் பிரச்சினையை உறுப்பினரிடம் கொண்டுபோவதென்றால், கூட்டத்தொடர் தேதி அறிவிப்பு வந்த உடனே போங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு போனால் பல நாட்களுக்கான நோட்டீஸ் கெடு தாண்டியிருக்கும். முன்கூட்டியே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு உள்ளூர் எண்ணை வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது. உறுப்பினரின் உதவியாளர் முதலில் கேட்பது அதைத்தான். கோபத்தைக் கடிதத்தில் எழுதுங்கள், கேள்வியில் வேண்டாம்.

பதில் வந்த பிறகு நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி எதைக் கொண்டும் தேடி எடுக்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். "(அ) முதல் (ஈ) வரை" என்று நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருந்தால், எந்தப் பகுதிக்குப் பதில் காணாமல் போனது என்று கேள்வியைப் பக்கத்தில் வைத்துத் தேடிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி அதுதான்.