ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளே, ஈ.பி.எப். காசைக் கவனியுங்கள்

வடக்கில் பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறையில் கைத்தொழில் வலயங்கள் வரும் என்று இலங்கை அரசு அறிவித்திருக்கிறது. 1978இல் கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயத்தில் தொடங்கிய வழிதான்: முதலீட்டாளருக்கு வரிச் சலுகை, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை. வரட்டும். ஆனால் வருடக்கணக்காகத் தைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

"இது முதலீட்டுச் சபைக் கம்பனி (அரசின் முதலீட்டுச் சபையில் பதிந்து சலுகை பெறும் கம்பனி), தொழில் சட்டம் இங்கே செல்லாது" என்று கம்பனிக்காரர் சொன்னால் அது பொய். சலுகை வரி, சுங்கம் போன்றவற்றுக்குத்தான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்ட வேண்டும். "பயிற்சிக்காலம் முடியட்டும்" என்றால் விடாதீர்கள். சம்பளம் 30,000 ரூபா என்றால் உங்களிடம் 8 வீதம், அதாவது 2,400 வெட்டுவார்கள். முதலாளி தன் பங்காக 3,600 போட வேண்டும். ஈ.டி.எப்.புக்கு, அதாவது ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, முதலாளி இன்னும் 900 கட்ட வேண்டும். அந்த 900ஐயும் உங்கள் சம்பளத்தில் வெட்டினால் அது களவு. ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) இந்தக் கணக்கில் சேராது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து ஓ.டி.யைக் காட்டி ஆள் பிடிக்கும் இடத்தில் யோசித்துச் சேருங்கள்.

சம்பளச் சீட்டில் வெட்டியிருப்பதால் கட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கணக்கில் விழுந்ததா என்று இடையிடையே பாருங்கள். ஒவ்வொரு சீட்டையும் பத்திரமாக வையுங்கள். கம்பனி மூடினால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். மேன்பவர் ஏஜென்சி (கம்பனிகளுக்கு ஆள் அனுப்பும் இடம்) மூலம் போகிறவர்கள், யாருடைய பெயரில் காசு கட்டப்படுகிறது என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். பிறகு ஏஜென்சி கம்பனியைக் கைகாட்டும், கம்பனி ஏஜென்சியைக் கைகாட்டும்.

அலைச்சல் காசு எடுக்கும்போதுதான். ஈ.பி.எப். காசு இருப்பது மத்திய வங்கியில், விண்ணப்பம் கொடுப்பது தொழில் திணைக்களத்தில். கம்பனி பதிவில் "சிவகுமார்", அடையாள அட்டையில் "சிவக்குமார்" என்றிருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் இந்தக் காசை எடுக்க 50 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கோயிலில் தாலி கட்டிய படம் செல்லாது. விவாகப் பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நீங்களாக விலகினாலும் கிடைக்கும். நாலரை வருடத்தில் "ராஜினாமா எழுதிவிட்டுப் புது நம்பரில் சேருங்கள்" என்பார்கள். எழுதினால் 5 வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், எழுதாதீர்கள். வாசிக்கத் தெரியாத சிங்களக் கடிதத்தில் கையெழுத்தும் வைக்காதீர்கள்.

காசு கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள்.