பாலிமர் நானோகாம்போசிட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிளாஸ்டிக் போன்ற பாலிமருக்குள் நானோ அளவுத் துகள்களைச் சேர்த்துச் செய்யும் பொருள்தான் பாலிமர் நானோகாம்போசிட். அதில் சூட்டைத் தாங்கும் மின்காப்பு வகையை ஆங்கிலத்தில் 'ஹை டெம்பரேச்சர் டைஎலக்ட்ரிக் பாலிமர் நானோகாம்போசிட்' என்பார்கள், அதைத் தமிழாக்கத்தான் இந்த முயற்சி. பாலிமர் என்பதற்குள் 'பல', 'பகுதி' என்று இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. 1833-இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இந்தச் சொல்லை உருவாக்கியபோது பிளாஸ்டிக் எதையும் நினைக்கவில்லை, அணுக்களின் விகிதம் ஒன்றாகவே இருந்தும் ஒன்று இன்னொன்றின் மடங்காக அமைந்த சேர்மங்களைத்தான் அப்படிச் சொன்னார். நீண்ட சங்கிலி மூலக்கூறு என்ற இன்றைய கருத்தை 1920-இல் முன்வைத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டாடிங்கர். தமிழகத்தில் பலபடி, பல்லுறுப்பி என்கிறோம், இலங்கையில் பல்பகுதியம். மூலத்துக்கு நெருக்கம் இலங்கைச் சொல்தான், ஆனால் பெர்சீலியஸ் சொன்ன 'மடங்கு' பலபடியில் தற்செயலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நானோ, கிரேக்கத்தில் குள்ளன். நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு முன்னொட்டு. நுண், மீநுண் என்றெல்லாம் மாற்றினால் மைக்ரோவா நானோவா என்ற குழப்பம்தான் மிஞ்சும், அப்படியே விட்டுவிடலாம்.

சிக்கல் காம்போசிட்டில். லத்தீன் வேருக்குச் 'சேர்த்து வைத்தது' என்று பொருள். பலரும் கலவை என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. சர்க்கரை தண்ணீரில் கரைந்தாலும் கலவைதான். இங்கே துகள் கரையவே கூடாது, பலபடிக்குள் தனியாகவே இருந்து வேலை செய்ய வேண்டும். அதனால் கூட்டுப்பொருள்.

என்ன வேலை? மின்சாரக் காரில் பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் மின்தேக்கி இருக்கும், அதாவது மின்னாற்றலைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர். அதற்குள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும், 105-க்கு மேல் கிட்டத்தட்டப் பயன்படாது. எனவே அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு வைக்கிறார்கள். சூட்டில் எலக்ட்ரான்கள் படலத்துக்குள் கசியும், கசிவு சூட்டைக் கூட்டும், சூடு கசிவைக் கூட்டும், கடைசியில் படலம் ஓட்டையாகும்.

இதற்கு 2015-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒரு வழி காட்டியது. பென்சோசைக்ளோபியூட்டீன் வகைப் பலபடியில் போரான் நைட்ரைடின் நானோத் தகடுகளைச் சேர்த்தார்கள், படலம் 250 டிகிரியிலும் வேலை செய்தது. பேரியம் டைட்டனேட் போல மின்காப்பு மாறிலி (பொருள் எவ்வளவு மின்னாற்றலைச் சேர்த்து வைக்கும் என்பதைக் காட்டும் எண்) மிக அதிகமான துகளைப் போட்டால் ஆற்றல் நிறையச் சேருமே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்படிப் போட்டால் பெரும்பாலும் படலம் தாங்கும் மின்புலம் இறங்கிவிடும், ஆற்றலோ மின்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது, அப்புறம் என்ன லாபம்? போரான் நைட்ரைடின் மாறிலி சாதாரணம்தான். ஆனால் அது எலக்ட்ரானை மறிக்கிறது, வெப்பத்தையும் கடத்தி வெளியேற்றுகிறது.

ஆக முழுப்பெயர் 'உயர்வெப்ப மின்காப்புப் பலபடி நானோ கூட்டுப்பொருள்'. நீளம்தான், ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு நானோ கூட்டுப்பொருள் என்றால் போதும்.