கேட்ஹெரின்: பசையா, பற்றா?

மார்பகப் புற்றுநோய்க்கான திசு அறிக்கை சிலவற்றில் 'ஈ-கேட்ஹெரின்: நெகட்டிவ்' என்று ஒரு வரி இருக்கும். அதைக் 'கேதரின்' என்று வாசித்துவிட்டு, இது யார் பெயர் என்று ஒருவர் கேட்டால் சிரிக்க முடியாது. ஒலி அப்படித்தான் இருக்கிறது. செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஒரு புரதத்தின் பெயர் அது; அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் இங்கே கேள்வி. நடுவிலுள்ள 'ஹெ'யை விடாமல் எழுத வேண்டும் என்பது என் கட்சி. சொல்லின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கால்சியத்தின் குறியான 'Ca'வும், 'சார்ந்த' என்று பொருள்படும் 'dependent' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'd'யும் சேர்ந்து 'கேட்' ஆனது. 'ஹெர்' என்பது ஒட்டுதலைக் குறிக்கும் 'அட்ஹெரன்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர், ஒட்டிக்கொள்வதைச் சொல்லும் 'ஹெரேரே' என்ற லத்தீன் வினை. கால்சியமும் லத்தீன் வழிதான், சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்பதிலிருந்து. கடைசி 'இன்', புரதங்களுக்கு வழக்கமாக வைக்கும் வால்.

பெயர் வைத்தவர் ஜப்பானின் மசதோஷி தகெய்ச்சி, ஆண்டு 1984. கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1970களில் அவர் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்கு ஆய்வு செய்யப் போனார். கியோட்டோவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட செல்கள் அங்கே ஒட்ட மறுத்தன. காரணத்தைத் தேடினால், செல்களைப் பிரிக்கப் பயன்படுத்தும், புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினின் கரைசலில் வந்து நின்றது. பால்டிமோர் கரைசலில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாத நேரம் பார்த்து, டிரிப்சின் செல்லின் மேற்பரப்பில் இருந்த ஒரு புரதத்தை வெட்டிவிட்டது. அந்தப் புரதம்தான் பின்னாளில் கேட்ஹெரின் ஆனது.

செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பகுதி ஐந்து கண்ணிகள் கொண்டது. கண்ணிகளுக்கு நடுவே கால்சியம் அயனிகள் மும்மூன்றாக உட்காரும். அவை இருந்தால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பு, இல்லாவிட்டால் துவண்டுவிடும். விறைப்பாக நிற்கும்போதுதான் பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினைப் பிடிக்க முடியும். அதிலும் பெரும்பாலும் தன் வகையோடுதான் சேரும்: உறுப்புகளின் பரப்பை மூடும் உறைத் திசுவின் 'ஈ' இன்னொரு 'ஈ'யோடு, நரம்புத் திசுவின் 'என்' இன்னொரு 'என்'னோடு.

இனி அந்த அறிக்கை வரி. பால் நாளங்களில் தொடங்கும் வகைப் புற்றில் ஈ-கேட்ஹெரினுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால், பெரும்பாலும் ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் பழுப்புக் கோடு விழும். மொத்தத்தில் ஒரு வலை போலத் தெரியும். லோபுலர் என்னும் இன்னொரு வகையில் பெரும்பாலும் அந்த வலையே இருக்காது. செல்கள் கூட்டமாக நிற்காமல், எறும்புச் சாரை போல ஒற்றை வரிசையில் திசுவுக்குள் நுழைந்திருக்கும். கட்டியாகத் திரளாததால் கைக்கும் சில சமயம் அகப்படாது.

அதற்காக 'பசை போனது, புற்று பரவியது' என்று சுருக்கிவிடக் கூடாது. ஈ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டே கூட்டமாக நகர்ந்து பரவும் புற்றுகளும் உண்டு. சிலவற்றில் 'ஈ' குறைந்து 'என்' கூடுகிறது. செல் ஒரு பிடியை விட்டு வேறு பிடிக்கு மாறுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒட்டுப்புரதம்' மோசமில்லை, ஆனால் அகலம் அதிகம். இன்டெக்ரினும் செலக்டினும்கூட ஒட்டுப்புரதங்கள்தான். 'பசைப்புரதம்' எனக்குப் பிடிக்கவில்லை. பசை காய்ந்தால் காய்ந்ததுதான், இதுவோ பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். அந்த இரண்டையும் தாங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: பற்று. பற்றுதல், பற்று விடுதல் இரண்டும் அன்றாடத் தமிழ். நெற்றியில் போடும் சுக்குப் பத்தும் இந்தப் பற்றுதான். கணக்கு நோட்டின் பற்று வரவு நினைவுக்கு வரும் என்பது உண்மை, ஆனால் திசு அறிக்கையில் யாரும் குழம்ப மாட்டார்கள். கால்சியத்தைச் 'சுண்ணகம்' ஆக்கலாம்; பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கால்சியத்தை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

ஆக, என் பரிந்துரை 'கால்சியப் பற்றுப்புரதம்'. ஈ, என் என்று வகை பிரிக்கும் இடத்தில் கேட்ஹெரின் அப்படியே இருக்கட்டும். அந்த அறிக்கை வரியை நான் இப்படி எழுதுவேன்: 'ஈ-கேட்ஹெரின் என்னும் கால்சியப் பற்றுப்புரதம் செல் விளிம்புகளில் தென்படவில்லை.'